சீனச்சட்டியில் நாலு நிமிஷம்

நாஞ்சில் நாட்டு அடுக்களையில் தாளிக்க, வறுக்க, வதக்க எடுக்கிற குழிந்த இரும்புப் பாத்திரத்தின் பெயர் சீனச்சட்டி. ஆரல்வாய்மொழியைத் தாண்டி வடக்கே போனால் அது இருப்புச்சட்டி, வாணலி, வாணாச்சட்டி என்று ஊருக்கு ஒரு பெயர் எடுத்துக்கொள்ளும். கோட்டாற்றிலும், அங்கிருந்து மேற்கே மலையாளக் கரை நெடுகிலும் சீனச்சட்டிதான். தள்ளுவண்டியில் ‘சைனீஸ்’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி ஃப்ரைடு ரைஸ் விற்கத் தொடங்குவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே இந்த ஊர்ப் பெண்கள் சீனச்சட்டியில் பயற்றங்காய் வதக்கிக்கொண்டிருந்தார்கள். ஆகவே வீட்டில் சீன முறையில் காய் வதக்க ஆசைப்படுகிறவருக்கு வேண்டிய முதல் பாத்திரம் அநேகமாகப் பரணிலேயே கிடக்கும். துருவைத் தேய்த்து எடுக்கவேண்டிய வேலைதான் பாக்கி.

பெயர் வந்த வழியைச் சொல்ல ஊறுகாய் போடும் சீனப்பரணி இருக்கிறது, கொச்சியில் நிற்கும் சீனவலை இருக்கிறது, சவரம் முடிந்ததும் கன்னத்தில் தேய்க்கும் சீனக்காரம் இருக்கிறது. கொல்லத்துக்குச் சீன வணிகர் கப்பலோட்டி வந்துபோனதை 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பதிவு செய்தார். 1405 முதல் 1433 வரை ஏழு தடவை கிளம்பிய சீனத் தளபதி செங் ஹவின் கப்பற்படை இந்தக் கரையைத் தொட்டுப் போயிருக்கிறது. இலங்கையின் காலியில் கிடைத்த அவருடைய 1409-ஆம் ஆண்டுக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. அதற்கும் முன்னால், 1281-இல், தென்சீனத்துச் ச்சுவான்சோ துறைமுகத்தில் தமிழ்க் கல்வெட்டே இருந்தது. 1987-இல் குவாங்தோங் கடலில் கண்டெடுத்த நன்ஹாய்-1 என்ற சுங் காலக் கப்பலின் சரக்கில், பீங்கானோடு இரும்புச் சட்டிகளும் அடுக்கடுக்காக இருந்தன. கோட்டாறும் சாதாரணச் சந்தையல்ல. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் ‘கொட்டியாரா’ இதுதான் என்று பலரும் கொள்கிறார்கள். சட்டியே கப்பலில் வந்ததா, பெயர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டதா என்று வாதம் செய்யலாம். அடி உருண்டு, வாய் அகன்று, ஓரம் சரிந்த அந்த வடிவம் இரு கரையிலும் ஒன்றே. 1956 நவம்பர் 1 வரை நாஞ்சில் நாடு திருவிதாங்கூரோடு இருந்ததால், தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகள் கேள்விப்படாத இந்தப் பெயர் இங்கே அடுக்களைச் சொல்லாக நின்றுவிட்டது.

சீன மொழியில் இந்தச் சமையல் முறைக்கு ‘ச்சாவ்’ என்று பெயர். சட்டியை நன்றாகக் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சிறிதாக நறுக்கியதைப் போட்டு, கை ஓயாமல் புரட்டி, சில நிமிஷத்தில் இறக்குவது. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா சிஷியே தொகுத்த ‘ச்சி மின் யாவ் ஷு’ என்ற வேளாண் நூலில், செம்புச் சட்டியில் முட்டையை உடைத்துக் கலக்கி, வெங்காயத்தாள், உப்பு, புளித்த சோயா, எள்ளெண்ணெய் சேர்த்துக் கிளறும் குறிப்பு ஒன்று உண்டு. நம்மூர் முட்டைப் பொரியலுக்கு அது ஒன்றுவிட்ட அண்ணன். ‘ஸ்டிர் ஃப்ரை’ என்ற ஆங்கிலப் பெயர் மிகவும் பிந்தியது. 1945-இல் வந்த ஒரு சமையல் நூலில் புவெய் யாங் ச்சாவ் என்ற பெண்மணி அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மருத்துவம் படித்தவர் அவர். கணவர் யுவன் ரென் ச்சாவ் பெயர்பெற்ற மொழியியலாளர்.

துவரன் வைத்துப் பழகிய கைக்கு இது தெரிந்த வேலை மாதிரித் தோன்றும். சறுக்குவதும் அதனால்தான். துவரனுக்குக் கோசை நூலாக அரிந்து, கடுகு வெடித்த எண்ணெயில் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, நடுவில் குழி பறித்து, தேங்காயும் சீரகமும் பூண்டும் பச்சைமிளகாயும் ஒதுக்கிய அரப்பை வைத்து, காயாலேயே மூடி, அதற்கு மேல் தட்டும் போட்டு, தீயைக் குறைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். ஆவி தன் வேலையைச் செய்துகொள்ளும். ச்சாவ் முறையில் மூடி கிடையாது, தண்ணீர் கிடையாது, தீயைக் குறைப்பது கிடையாது, அடுப்பை விட்டு நகர்வதும் கிடையாது. இந்த முறையைக் கோட்டாற்று வீடுகளில் செய்துகாட்டும்போதெல்லாம் ஒரே கேள்விதான் வரும்: “தண்ணி தெளிக்காம எப்படி மக்ளே வேவும்?” கேட்டுக்கொண்டே அம்மைமார் கை தட்டைத் தேடும். வேகவேண்டியதில்லை என்பதே பதில். காயின் மேல்தோல் சூட்டில் சிவந்து, உள்ளே பச்சையின் நறுக்கென்ற கடி கொஞ்சம் மிச்சம் இருக்கவேண்டும். முழுக்க வெந்த காய் வேண்டும் என்றால் துவரனே மேல். அதை எந்தச் சீனச் சமையலும் ஜெயிக்காது.

கடையில் கிடைக்கும் ருசி வீட்டில் வராததற்குப் பாட்டிலில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். ரகசியம் அடுப்பில் இருக்கிறது. தட்டுக்கடைக்காரர் வைத்திருப்பது ஹை பிரஷர் அடுப்பு. நீலத் தீ சட்டியின் பாதி உயரம் ஏறும். இதை எழுதுகிறவர் கோட்டாற்றில் ஒரு கடையில் கட்டிங் பையனாக நின்ற காலத்தில், மாஸ்டர் ஒருநாள் வராமல் போனதால் சட்டிமுன் ஏற நேர்ந்தது. முதல் பிளேட் 50 விநாடியில் கருகியது. வீட்டு அடுப்பில் ஐந்து நிமிஷம் எடுக்கும் வேலையை அந்தத் தீ ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும். அதனால்தான் மாஸ்டர்கள் சட்டியைத் தூக்கித் தூக்கி எறிகிறார்கள். காற்றில் இருக்கும் நேரம் சாதம் கருகாது. அமெரிக்காவில் ஹங்டாங் கோ, டேவிட் ஹூ என்ற இரு ஆய்வாளர்கள் சீனச் சமையல்காரர்களைப் படம்பிடித்து 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள்: விநாடிக்கு ஏறக்குறைய மூன்று தடவை சட்டி முன்னும் பின்னும் ஆடுகிறது. தோள்வலி இந்தத் தொழிலின் கூடப்பிறந்த நோய் என்பதையும் அதில் சொல்லியிருக்கிறார்கள். சட்டிமுன் பத்து வருஷம் நின்ற எவரும் அதை ஆய்வு இல்லாமலே சொல்வார்கள்.

வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட். அதிலும் மூன்றில் இரண்டு பங்கு சூடுதான் சட்டிக்குள் போகும். இந்தத் தீயில் சட்டியைத் தூக்கி ஆட்டுவது வீண் பெருமை. அடுப்பை விட்டு எடுத்த மறுகணம் சூடு இறங்கிவிடும். சட்டி அடுப்பிலேயே இருக்கட்டும், சட்டுவம் மட்டும் ஆடட்டும். வீட்டுச் சமையலின் மற்ற விதிகள் எல்லாம் இந்தச் சின்னத் தீயிலிருந்தே பிறக்கின்றன.

முதல் விதி ஈரம் பற்றியது. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். கொதிநிலையில் இருக்கும் அதே தண்ணீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும். கழுவிய காயில் ஒட்டிக்கொண்டு வரும் தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி என்று வைத்தால், அதை ஆவியாக்க மட்டுமே வீட்டு அடுப்பின் முழுத் தீயும் சுமார் 25 விநாடி செலவழிக்கவேண்டும். அந்த 25 விநாடியும் சட்டி நூறு டிகிரியைத் தாண்டாது; காய் வதங்காமல் அவியும். எனவே காயைச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கழுவி, துளைத்தட்டில் வடியவிட்டு, பழைய வேட்டித் துணியில் கொட்டி ஒற்றி எடுக்கவேண்டும். கடையில் இந்த வேலைக்கு ஒரு பையன் இருப்பான். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே முறத்தில் பரப்பினால் போதும்.

இரண்டாவது, அளவு. நாலு பேருக்கான காயை ஒரே தடவை கொட்டினால் சட்டியின் சூடு செத்துவிடும். இரண்டு ஈடாகப் பிரித்து வதக்கி, கடைசியில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் வழி. தோசையை ஒவ்வொன்றாகச் சுடுவதை யாரும் தொந்தரவு என்று சொல்வதில்லை. காயை இரண்டு ஈடாக வதக்கச் சொன்னால் மட்டும் முகம் சுளிக்கிறார்கள்.

சட்டி இரும்பாக இருக்கவேண்டும். நான்ஸ்டிக் சட்டி இதற்கு ஆகாது. அதன் பூச்சு 260 டிகிரிக்கு மேல் கெடத் தொடங்கும், வெறும் சட்டியாக அடுப்பில் காய்ந்தால் அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது. அலுமினியம் சூட்டைத் தேக்கி வைக்காது. கோட்டாற்றுக் கம்போளம் பக்கத்துப் பாத்திரக்கடையில் வாங்கிய புது இரும்புச் சட்டி என்றால் பழக்கி எடுக்கவேண்டும். தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் வடிகஞ்சி ஊற்றிவைத்து, மறுபடி கழுவி, அடுப்பில் நீலம் பாரிக்கக் காயவிட்டு, எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேய்த்துப் புகையவிடுவது. இதை நாலைந்து தடவை செய்வது. எண்ணெய் சூட்டில் இறுகி, கறுத்த மெழுகுபோல இரும்பில் படிந்துவிடும். அந்தக் கறுப்பைப் பார்த்து, அழுக்கு என்று சபீனா போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைக்கும் அன்பான கைகள் எல்லா வீட்டிலும் உண்டு. பிறகு பழையபடி கஞ்சியிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான். அடி உருண்ட சட்டி கேஸ் அடுப்பில் ஆடினால் அடி லேசாகத் தட்டையான இரும்புச் சட்டி போதும். சின்னத் தீக்கு அதுவே பொருத்தம்.

காய் விஷயத்தில் பெரும்பாலானவர்கள் புரொக்கோலியைத் தேடிப்போகிறார்கள். தேவையில்லை. வடசேரிச் சந்தையில் குவிந்து கிடக்கிற நாட்டுக்காயில் பாதி, தென்சீனத்துச் சந்தையிலும் அப்படியே குவிந்து கிடப்பதுதான். நீளப் பயற்றங்காயை அவர்கள் தோல் சுருங்கும் வரை வதக்கி, காய்ந்த மிளகாயோடு உண்பார்கள். தண்டங்கீரை வகைக் கீரையைத் தட்டிய பூண்டோடு ஒரு நிமிஷம் புரட்டி எடுப்பார்கள். பாகற்காயை மெல்லிய பிறையாக அரிந்து முட்டையோடு சேர்ப்பார்கள். பீர்க்கங்காய், வெள்ளரிக்காய், கத்தரிக்காய், பயறு முளைகட்டியது எல்லாம் அவர்கள் சட்டியிலும் உண்டு. கத்தரிக்காய்க்கு மட்டும் எச்சரிக்கை: நாஞ்சில் நாட்டு வழுதலங்காயைச் சட்டியில் போட்டால் எண்ணெயைப் பஞ்சுபோல உறிஞ்சிவிடும். முதலில் இட்டலிக் கொப்பரையில் ஐந்து நிமிஷம் ஆவி காட்டிவிட்டு வதக்கினால் அந்தப் பசி அடங்கும். கேரட், பீன்ஸ், கோசு, குடைமிளகாய் ஆகிய இங்கிலீஷ் காய்கள் எளிதாகக் கிடைப்பவை, தொடங்குகிறவருக்கு வசதியும்கூட.

வெட்டுவதில்தான் நேரம் எல்லாம் போகும். வதக்க நாலு நிமிஷம். வெட்ட இருபது நிமிஷம். எல்லாத் துண்டும் ஒரே பருமன் என்பதே இதன் இலக்கணம். ஒன்று தடிப்பாகவும் ஒன்று மெல்லிசாகவும் இருந்தால் ஒன்று பச்சையாகவும் ஒன்று குழைந்தும் வரும். கேரட்டை முதலில் சாய்வாக வில்லைபோட்டு, அந்த வில்லைகளை அடுக்கி மூன்று மில்லிமீட்டர் குச்சியாக்க வேண்டும். பீன்ஸையும் பயற்றங்காயையும் சாய்வாக நறுக்கினால் வெட்டுமுகம் நீளும், சூடு சீக்கிரம் ஏறும். கோசை மட்டும் அரிவாள்மணையில் துவரனுக்கு அரிவதுபோல அரியக்கூடாது. அந்த நூல் அரை நிமிஷத்தில் தண்ணீர் விட்டுச் சுருண்டுவிடும். இரண்டு விரல் அகலச் சதுரமாகக் கையால் கிழித்துப் போடுவது நல்லது. கிழிந்த ஓரம் ருசியைப் பிடித்துக்கொள்ளும். வெங்காயத்தாளில் வெள்ளைத் தண்டு தனி, பச்சை இலை தனி. இஞ்சியும் பூண்டும் விழுதாக அரைக்காமல் பொடியாக நறுக்கவேண்டும். விழுதில் ஈரம் இருக்கிறது, சட்டியில் ஒட்டிக் கருகும்.

எண்ணெயில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. சமையல் புத்தகங்களில் கடைசியில் ஊற்றச் சொல்லும் சீன எள்ளெண்ணெயும் நம்மூர் நல்லெண்ணெயும் ஒன்றல்ல. அவர்கள் எள்ளைக் கறுக்க வறுத்துப் பிழிகிறார்கள். நாம் வறுக்காத எள்ளைக் கருப்பட்டி போட்டுச் செக்கில் ஆட்டுகிறோம். நல்லெண்ணெயை அந்த இடத்தில் ஊற்றினால் கெட்டுப்போகாது, ஆனால் அந்த வறுத்த மணம் வராது. ஒரு தேக்கரண்டி எள்ளைச் சிவக்க வறுத்து நுணுக்கி மேலே தூவினால் கிட்டத்தட்ட அந்த மணம் வந்துவிடும். வதக்குவதற்குக் கடலை எண்ணெய் சரியான தேர்வு. கான்டன் பக்கத்துச் சமையல்காரர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். ஆட்டிய தேங்காய் எண்ணெய் 180 டிகிரியை ஒட்டியே புகையத் தொடங்கிவிடும், மணமும் துவரனை ஞாபகப்படுத்தும். நாலு பேருக்கான காய்க்கு மொத்தம் நாலு தேக்கரண்டி எண்ணெய் போதும். கேரட்டின் கரோட்டின் உடம்பில் சேர அந்தக் கொழுப்பு வேண்டியதும்கூட.

புகை பற்றியும் ஒரு வார்த்தை. சட்டி புகையவேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். முதல் இழை புகை எழும்பியதும் காயைப் போட்டுவிடவேண்டும்; அடுக்களை நிறையப் புகையவிடுவது தவறு. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, மனிதரில் அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2010-இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்து, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டு ஆரம்பிப்பது வீட்டுக்கு நல்லது.

சாஸைச் சட்டி காய்வதற்கு முன்பே கலந்து வைக்கவேண்டும். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், அரைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள், ஒரு தேக்கரண்டி வினிகர், ஒரு தேக்கரண்டி சோளமாவு, நாலு மேசைக்கரண்டி தண்ணீர். உப்பு கிடையாது. சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே சுமார் 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 225 ஆகும், பிழையில்லை. கடையில் ஒரே பிளேட்டுக்கு இரண்டு கரண்டி சோயா, அதற்குமேல் உப்பு, அதற்குமேல் சில்லி சாஸ் என்று போகும்.

பழி மட்டும் அஜினோமோட்டோ மேல் விழுகிறது. 1908-இல் ஜப்பானியர் கிகுனே இகெடா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்தெடுத்த உப்பு அது. சீன ஓட்டலில் சாப்பிட்டால் கழுத்து மரத்துப்போகிறது என்று 1968-இல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதியதிலிருந்து பயம் பரவியது. பிறகு நடந்த சோதனைகளில் வழக்கமான அளவில் அந்தக் குற்றச்சாட்டு உறுதிப்படவில்லை. அதில் சோடியம் 12 சதவீதம்தான். சமையல் உப்பில் 39 சதவீதம். வீட்டில் அது தேவையில்லை, காளான் இரண்டு போட்டால் அதே ருசி வரும் என்பது வேறு விஷயம். உண்மையில் பயப்படவேண்டியது கோபி மஞ்சூரியனின் சிவப்பு. செயற்கை நிறங்கள் கலந்திருந்ததால் 2024 மார்ச்சில் கர்நாடக அரசு கோபி மஞ்சூரியனில் நிறம் சேர்ப்பதைத் தடைசெய்தது. அதற்கு முந்தின மாதம்தான் ரோடமின்-பி கலந்ததற்காகத் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் தடைசெய்யப்பட்டிருந்தது. மஞ்சூரியன் சீனத்திலிருந்து வந்ததும் அல்ல. கொல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் பம்பாயில் கோழியில் செய்து பெயர்வைத்த பண்டம் அது. மாவில் முக்கி எண்ணெயில் பொரித்துச் சாஸில் புரட்டுவதற்கும் ச்சாவ் முறைக்கும் சம்பந்தம் குறைவு.

இனி அடுப்பு. 100 கிராம் கேரட், 100 கிராம் பீன்ஸ், ஒரு குடைமிளகாய், 150 கிராம் கோசு, ஒரு கைப்பிடி வெங்காயத்தாள், ஆறு பல் பூண்டு, ஒரு விரற்கடை இஞ்சி எல்லாம் வெட்டி, தனித்தனித் தட்டில், கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெறும் சட்டியை முழுத் தீயில் இரண்டு மூன்று நிமிஷம் காயவிட வேண்டும். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று வற்றாமல் பாதரசம் மாதிரி உருண்டு ஓடவேண்டும், அதுவே பதம். இரண்டு தேக்கரண்டி எண்ணெயை ஓரத்தைச் சுற்றி விட்டு, புகை இழையோடியதும் இஞ்சியும் வெள்ளைத் தண்டும், பின்னாலேயே பூண்டு. பத்து விநாடி. மணம் எழும்பியதும் கேரட், பீன்ஸ். போட்டவுடன் கிண்டக் கூடாது. பரப்பிவிட்டு இருபது விநாடி சும்மா நிற்கவேண்டும். அடியில் பட்ட முகம் அங்கங்கே பழுப்பு ஏறும். பிறகு சட்டுவத்தை அடியோடு விட்டுப் புரட்டவேண்டும்.

இந்த நேரத்தில் கண்ணைவிடக் காது முக்கியம். சட்டி மழை பெய்வதுபோல விடாமல் சடசடக்கவேண்டும். அந்த ஓசை தணிந்து, ரசம் கொதிப்பதுபோலக் குபுகுபு என்று மாறினால் காயின் தண்ணீர் வெளியே வந்துவிட்டது என்று பொருள். அப்போது மேலும் காய் போடாமல், நடுவை ஒதுக்கி வெறும் இரும்பு தெரியவிட்டு, சடசடப்பு திரும்பும்வரை பொறுக்கவேண்டும். மாஸ்டர்கள் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே, சட்டியைப் பார்க்காமலே இறக்குவது இந்தக் காதுப் பழக்கத்தால்தான்.

ஒன்றரை நிமிஷத்தில் முதல் ஈட்டைத் தட்டில் கொட்டிவிட்டு, சட்டியை மறுபடி காயவிட்டு, இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் குடைமிளகாயும் கோசும் ஒரு நிமிஷம். ஓரம் கருகத் தொடங்கும்போது முதல் ஈடு திரும்பி வரும். சாஸை ஒருமுறை கலக்கிவிட்டு, காயின் தலையில் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தைச் சுற்றி விடவேண்டும். காய்ந்த இரும்பில் பட்டு அது சுர்ரென்று கொதித்துக் கீழே இறங்கும்போது எழும் வாசனையில்தான் கடை மணம் பாதி இருக்கிறது. சோளமாவு இருபது விநாடியில் கண்ணாடிபோலத் தெளிந்து காயைப் போர்த்தும். வெங்காயத்தாளின் பச்சை இலையைத் தூவி, தீயை அணைத்து, உடனே இறக்கவேண்டும். சட்டியில் விட்டுவைத்தால் மிச்சச் சூட்டில் குழைந்துவிடும்.

கோழி, இறால், கணவாய் சேர்ப்பவர்கள் அவற்றை முதலிலேயே தனியாக வதக்கி எடுத்துவைப்பார்கள். இதற்கு நாட்டுக்கோழி ஆகாது. அதன் பெருமை குழம்பில். பிராய்லர் கோழியின் நெஞ்சுக்கறியை நாருக்குக் குறுக்காக மெல்லிசாக அரிந்து, 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு, ஒரு தேக்கரண்டி சோயா, அரை முட்டையின் வெள்ளை, ஒரு தேக்கரண்டி எண்ணெய் பிசறி இருபது நிமிஷம் வைத்தால், சூட்டில் மாவு தோலாக இறுகிச் சாற்றை உள்ளேயே பிடித்துக்கொள்ளும். இரண்டு நிமிஷத்தில் வெள்ளை வெளேரென்று வெந்துவிடும். ஒரு துண்டைப் பிளந்து பார்த்து, உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளவேண்டும். கணவாய் கிடைப்பது இந்தக் கடற்கரை மாவட்டத்தின் பாக்கியம். உள்பக்கத்தில் குறுக்கும் நெடுக்கும் கீறி, 40 விநாடி மட்டும் வதக்கினால் பூவாகச் சுருளும். ஒரு நிமிஷம் தாண்டினால் ரப்பர்தான். அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் குழம்பில் கிடந்தால்தான் திரும்ப மெத்தென்று ஆகும்.

இறாலில் ஈரம் இருந்தால் ஆபத்து. இதை எழுதுகிறவர் ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி, கூட்டத்து அவசரத்தில், கழுவிய இறாலை வடியவிடாமல் கையோடு அள்ளிப் புகையும் எண்ணெயில் போட்டார். எண்ணெய் தெறித்துத் தீ சட்டிக்குள் இறங்கி முகமட்டத்துக்கு எழும்பியது. பக்கத்தில் நின்ற பையன் தண்ணீர்க் குவளையை எடுத்தான். அதை ஊற்றியிருந்தால் கடையே போயிருக்கும். பெரிய மூடியைக் கவிழ்த்து, கேஸை நிறுத்தினார்கள். இடது புருவம் வளர இரண்டு மாதம் ஆனது. இந்தச் சமையலில் மூடிக்கு வேலையில்லை என்று மேலே சொல்லியிருந்தாலும், சட்டிக்குப் பொருந்தும் மூடி ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

காயோடு சேர்த்துச் சாதமும் வறுக்கலாம். அதற்குச் சுடுசோறு உதவாது. வடித்த சோறு ஆறி, ராத்திரி முழுக்கக் குளிர்பெட்டியில் இருந்தால் அதன் மாவுச்சத்து இறுகி, பருக்கை பருக்கையாக உதிரும். ஆறிய சோற்றை வெளியிலேயே விட்டுவிட்டு மறுநாள் வறுப்பது வயிற்றைக் கெடுக்கும். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்ட பழஞ்சியின் கதை வேறு, அதை வறுக்கவும் முடியாது. நாஞ்சில் நாட்டுச் சிவப்புப் புழுங்கலரிசிச் சோறு பருக்கை தடித்தது, ஒட்டாது. கடைக்காரர்கள் வெள்ளை நீள அரிசியையே நம்பினாலும், வீட்டில் செய்துபார்த்தவர்கள் சிவப்பரிசியை விடமாட்டார்கள்.

சாப்பிட உட்காருமுன் சட்டியைக் கவனித்துவிட வேண்டும். சூடு ஆறுவதற்குள் வெந்நீர் விட்டுத் தேங்காய்ச் சவுரியால் தேய்த்தால் ஒட்டியது எல்லாம் வந்துவிடும். சோப்பு வேண்டாம், புளி வேண்டவே வேண்டாம். திரும்ப அடுப்பில் ஏற்றி ஈரம் போகக் காய்ச்சி, நாலு சொட்டு எண்ணெய் தடவி, ஆணியில் தொங்கவிட வேண்டும். ஆனிச் சாரலும் ஐப்பசி மழையும் இரண்டுமே பெய்கிற இந்த மாவட்டத்தில், எண்ணெய் தடவாமல் கவிழ்த்துவைத்த சீனச்சட்டி மூன்றாம் நாள் செங்கல் நிறத்தில் இருக்கும்.